கத்திரிக்காயைப் புரட்டிப் பார்க்காத நாட்கள்

என் மனைவி ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததை நான் பார்க்கவில்லை. காதால்தான் தெரிந்துகொண்டேன். பேச்சு நின்றுவிட்டது.

புளியங்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பட்டப்பகல், நல்ல வெயில். பந்தியில் அவள் இலைக்கு வந்த முருங்கைக்காய் வெறும் நாராக இருந்ததாம். பரிமாறியவனிடம் சொன்னதற்கு அவன் சிரித்தானாம். பெண் வீட்டார் யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். நான் ‘ம்’ போட்டபடி ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருஷமாக எங்கள் குடும்பம் அந்த ‘ம்’மின் மேல்தான் நிற்கிறது. சங்கரன்கோவிலுக்குள் நுழைகிற இடத்தில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். வெள்ளைக்கோடு கிடையாது. அதைப் போட்ட புண்ணியவான் யார் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். வண்டி தூக்கிப் போட்டது. சமாளித்து நேராக்கிப் பத்தடி போயிருப்பேன். முருங்கைக்காய் விஷயம் பாதியில் நிற்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பினால் பின் சீட்டு காலி.

என் தலையில் ஹெல்மெட் இருந்தது. அவளுக்கும் ஒன்று வாங்கித்தான் வைத்திருந்தேன். கிளம்பும்போது நீட்டினால், “தலை நிறைய பூ வச்சிருக்கேன். அதுமேல இந்தச் சட்டியக் கவுத்தச் சொல்லுதீயளா?” என்று கேட்டுவிட்டு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். கூட்டம் கூடிவிட்டது. ரத்தம் வராததால் பயமில்லை என்றார் ஒருவர். ரத்தம் வராததுதான் பயம் என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் சத்தியம் செய்கிற மாதிரி அடித்துச் சொன்னார்கள். அவள் கண்ணைத் திறந்து, “பூ நசுங்கிப் போச்சா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு வாந்தி எடுத்தாள்.

என் அப்பா காலத்தில் என்றால் தலையில் தண்ணீர் தெளித்து, வீட்டில் படுக்கவைத்து, விடிந்ததும் பார்க்கலாம் என்றிருப்பார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா இருந்தார். கைக்கு அடக்கமான ஒரு கருவியை எடுத்துவந்து, அவளுடைய கூந்தலை வகிடு வகிடாக விலக்கி, இடதுபக்கம் ஓர் இடம், வலதுபக்கம் அதே இடம் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அது மண்டைக்குள் அனுப்புமாம். உள்ளே ரத்தம் தேங்கியிருந்தால் அந்த இடம் வெளிச்சத்தைக் கூடுதலாகக் குடித்துவிடுமாம். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் காட்டினால் உடனே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிஷம்தான். “இடதுபக்கம் முன்னால வித்தியாசம் காட்டுது. ஒரு நிமிஷம்கூட நிக்காம திருநவேலி போங்க” என்றார் நர்ஸம்மா.

போனோம். ஸ்கேனில் நெற்றிக்குப் பின்னால் சின்னதாக ஒரு ரத்தக் கசிவு. மண்டையைத் திறக்கப் போகிறார்கள் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திறக்கவில்லை. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்தார்கள், மறுநாள் இன்னொன்று. கசிவு கூடவில்லை, தானாகக் கரையும் என்றார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நர்ஸம்மா ‘நாளைக்குப் பாப்போம்’ என்று சொல்லாததற்கு நான் இன்றும் மனசுக்குள் கும்பிடுகிறேன்.

இனிமேல்தான் என் யோக்கியதை வெளியே வருகிறது.

அதற்குமுன் என் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் சண்டைக்காரி என்று ஊர் சொல்லும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், எதையும் சும்மா விடாதவள் என்று சொல்வேன். பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்தாமல் தள்ளி நிறுத்தினால் கண்டக்டருக்கு ஒரு பாடம். குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தால் ஒரு வாளியில் பிடித்து நேரே நகராட்சிக்குக் கொண்டுபோவாள். டிவி சீரியலில் மாமியார் அநியாயம் செய்தால் டிவியிடமே கேட்பாள். எங்கள் வாசல் கதவுக்கு மயில் நீலத்தில் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கேட்கும்போதெல்லாம், “அது வீடா, ரெக்கார்டு டான்ஸ் மேடையா?” என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளிடம் இதெல்லாம் இல்லை. நடந்தாள், குளித்தாள், என் பெயர், மகள் பெயர், கிழமை, தேதி எல்லாம் சரியாகச் சொன்னாள். எதைக் கேட்டாலும், “உங்க இஷ்டம்” என்றாள்.

உங்க இஷ்டம்! இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறை. எனக்குப் பட்டம் சூட்டிய மாதிரி இருந்தது. வாரம் மூன்றுநாள் பிரியாணி வாங்கி வந்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சீரியல் நேரத்தில் கிரிக்கெட் போட்டேன். அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயின்டரைக் கூப்பிட்டு, ஒரு பேச்சுக்கு அவளிடமும், “கதவுக்கு மயில் நீலம் அடிக்கட்டா?” என்றேன். “உங்க இஷ்டம்.” கதவு மயில் நீலம் ஆனது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

ராயகிரியிலிருந்து என் அக்கா வந்தாள். என் மனைவிக்கும் அக்காவுக்கும் கல்யாணத்தன்றே ஆரம்பித்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. அக்கா கோயில் புற்றுமண்ணை எடுத்துவந்து அவள் நெற்றியில் பூசினாள். பூசிவிட்டு, “ஏட்டி, குழம்புல புளி கூடிப் போச்சு” என்று வழக்கம்போல் ஆரம்பித்தாள். என் மனைவி, “ஆமா மதினி” என்றாள். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏலே, புத்துமண்ணு எப்படி வேலை செஞ்சிருக்கு பாத்தியா!” என்றாள். எனக்கு மறுத்துப் பேச மனம் வரவில்லை. வீடு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் திருநெல்வேலிக்கு மறுபரிசோதனைக்குப் போனோம். ஒரு படிவம் கொடுத்தார்கள். நோயாளியின் குடும்பத்தார் நிரப்ப வேண்டியது. நான் தொழிலில் பத்திர எழுத்தர். வீடு, வயல், தோட்டம் விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுப்பவன். ஒரு காகிதத்தில் கட்டத்தைக் காலியாகப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. தலைவலி கூடியிருக்கிறதா, இல்லை. மறதி கூடியிருக்கிறதா, இல்லை. கோபம் கூடியிருக்கிறதா, இல்லை. எரிச்சல், இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் மளமளவென்று டிக் போட்டேன். கடைசியில், ‘நடத்தையில் நீங்கள் கவனித்த மாற்றம்’ என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். என் அழகான பத்திரக் கையெழுத்தில் எழுதினேன்: ‘முன்பைவிடப் பல மடங்கு சாந்தம். வீட்டில் எவ்வித வில்லங்கமும் இல்லை. மிக்க நன்றி.’

டாக்டர் மார்க்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு, “ரொம்ப நல்லாத் தேறிட்டாங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க” என்றார். வீடு வந்து சேர்ந்தோம்.

நோயைக் கண்டுபிடித்தது ஒரு காய்க்காரம்மா. குருவிகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் காய்க்கூடையோடு பஸ் ஏறி வந்து மார்க்கெட் ஓரத்தில் சாக்கு விரித்து உட்காருகிறவர். என் மனைவிக்கும் அவருக்கும் பதினைந்து வருஷப் பழக்கம், அதாவது பதினைந்து வருஷச் சண்டை. ஒருநாள் ஆபீசுக்குப் போகும் வழியில் என்னை மறித்தார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க. மதினிக்கு என்ன செய்யுது?”

“ஒண்ணுமில்லையே. நல்லாத்தான இருக்கா.”

“என்ன நல்லா இருக்காவ! நேத்து கத்திரிக்கா வாங்குனாவ. ஒண்ணக்கூட புரட்டிப் பாக்கல. நாலு சொத்தக்கா மேலயே கெடந்துச்சு, நானே எடுத்து ஓரமா போட்டேன். சொன்ன வெலையக் குடுத்துட்டுப் போறாவ. பதினஞ்சு வருசத்துல ஒருநாள் அப்படிப் போயிருக்காவளா? ஏன் அண்ணாச்சி, ஒரே வீட்டுல இருக்கீய, உங்களுக்குத் தெரியலையா?”

சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்தேன். நாலு எட்டு வைத்ததும் கால் ஆபீஸ் பக்கம் போக மறுத்தது. வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்று மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்தியிருந்தார்கள். மயில் நீலக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனால், அவள் நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை. கருப்பாக இருந்தது. மடியில் இரண்டு கையும் அப்படியே கிடந்தன. எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். தெரியலையே என்றாள். ஏன் எழுந்து வேறு வேலை பார்க்கவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எந்திக்கணும்னு தோணல” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டில் விழுந்தபோது அவள் பேச்சு நின்றது பத்தடியில் தெரிந்தது. வீட்டுக்குள் நின்றதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. அதுவும் இன்னொருவர் சொல்லித்தான். நிம்மதி நிம்மதி என்று நான் அனுபவித்துக்கொண்டிருந்தது அவள் இல்லாமையை.

மறுநாளே திருநெல்வேலி. டாக்டரிடம் பிரியாணி, கிரிக்கெட், கதவு, கத்திரிக்காய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கன்னத்தைத் தடவினார்.

“உங்களை மட்டும் சொல்ல முடியாதுங்க. கோபம் கூடியிருக்கான்னுதான் இதுல கேட்டிருக்கோம். குறைஞ்சிருக்கான்னு கேக்கல. அவங்க முன்னால எப்படி இருந்தாங்கன்னு தெரியாம, இப்ப நல்லா இருக்காங்கன்னு நானும் சொல்லியிருக்கக் கூடாது.”

இந்தமுறை எம்ஆர்ஐ எடுத்தார்கள். சாதாரண ஸ்கேனில் பிடிபடாத பொடிப்பொடி ரத்தப் புள்ளிகளைக் காட்டுகிற வகை. படத்தில் நெற்றிக்குப் பின்னால் மிளகைத் தூவின மாதிரி ஏழெட்டுக் கரும்புள்ளிகள். டாக்டர் பேனாவால் காட்டிக்காட்டிச் சொன்னார். என் தொழில் பாஷையில் நான் புரிந்துகொண்டது இது: முதல் ஸ்கேன் வயலின் நான்கு எல்லையையும் பார்த்து, ஓரத்தில் ஒரு சின்ன உடைப்புதான், அதுவும் தானாக அடையும் என்று சொன்னது. உள்ளே வாய்க்கால் அங்கங்கே உடைந்திருந்ததை இதுதான் காட்டியது. அவளுக்கு நினைவு இருக்கிறது, அறிவு இருக்கிறது, ஆசைகூட இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு காரியத்தை ஆரம்பித்துவைக்கிற வழிதான் அடிபட்டிருக்கிறது. “வெளிய பாத்தா அமைதி மாதிரி தெரியும். அமைதி இல்ல. மனச்சோர்வும் இல்ல, அதையும் பாத்துட்டோம்” என்றார். தலையில் அடிபட்டால் மூளை செல்லிலிருந்து கசிகிற பொருளை ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கிற வசதி வந்துவிட்டது, நம் பக்கம் இன்னும் பரவலாகவில்லை என்றும் சொன்னார். எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது.

“பழைய மாதிரி ஆயிருவாளா டாக்டர்?”

“உறுதி சொல்ல மாட்டேன். ஆனா மூளை வேற வழி போட்டுக்கும். நாம வேலை குடுத்துக்கிட்டே இருந்தா. மாசக்கணக்கா ஆகும்.”

ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைவிடப் பெரிய மருந்து, வாரம் இரண்டுமுறை செல்போனில் வீடியோவில் வந்த ஒரு பயிற்சியாளர். என் மகள் வயசுதான் இருக்கும். பேச்சு தேன், கண்டிப்பு இரும்பு. முதல் நாளே, “யாரும் சொல்லாமலே அம்மா முன்னால என்னென்ன செய்வாங்க?” என்று கேட்டார். நான் தயங்கி, “சண்டை போடுவா” என்றேன். “நல்லது. அதையே வச்சுக்கலாம்” என்று குறித்துக்கொண்டார். வைத்தியத்துக்கு இப்படி ஒரு லட்சியம் வைத்த குடும்பம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

எனக்குத்தான் பாடம் அதிகம். அவளுக்காக நான் பதில் சொல்லக் கூடாது. ‘உங்க இஷ்டம்’ என்றால் ஏற்றுக்கொள்ளக் கூடாது. இட்லியா தோசையா என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். சில நாள் அதற்குள் மாவே புளித்துவிடும்போல இருக்கும். குளிக்க, பூக்கட்ட, மார்க்கெட் போக என்று போனில் மணியடிக்கும். மார்க்கெட் வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து ஒரு அட்டையில் என்னை எழுதவைத்தார்: காயைக் கையில் எடு. புரட்டு. காம்பைப் பார். பிடிக்காததை ஓரமாக வை.

காய்க்காரம்மாவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டோம். அவருக்கு ஒரே குஷி. தேடிப்பிடித்துச் சொத்தைக் கத்திரிக்காயாக மேலே அடுக்குவார். வாய்க்கு வந்த விலையைச் சொல்வார். சுற்றியிருந்த கடைக்காரர்கள் அவருக்கு என்ன ஆயிற்று என்று பயந்தார்கள். என் மனைவி அட்டையைப் பார்த்து எடுப்பாள், புரட்டுவாள், காம்பைப் பார்ப்பாள், சொத்தையைச் சரியாக ஓரம் வைப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். சொன்ன விலையைக் கொடுத்துவிடுவாள். அந்தம்மா பாதியை என் கையில் திருப்பித் திணித்துவிட்டு, “இன்னைக்கும் இல்ல அண்ணாச்சி” என்பார். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. இனி இவ்வளவுதானோ என்று எனக்கு நம்பிக்கை விட்டுப்போன நாட்களும் உண்டு. என் அக்காகூட ஒருநாள் போனில், “ஏலே, அவ எதுத்துப் பேசலன்னா எனக்கு அங்கன வந்து என்ன செய்யன்னே தெரியல. சீக்கிரம் சரியாக்கு” என்றாள்.

ஒரு வியாழக்கிழமை. அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டோம். அவள் குனிந்து ஒரு கத்திரிக்காயை எடுத்தாள். புரட்டினாள். அந்தம்மா விலை சொன்னார். என் மனைவி காயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, “இது நேத்தக் காயில்லா?” என்றாள்.

காய்க்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. “நான் என்ன சொல்லிட்டேன்னு இந்த அழுக அழுதாவ?” என்று வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் வந்ததும் நின்றாள். கதவை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு பேச்சு, இரண்டு பேச்சு என்று வந்துகொண்டிருந்தது. எல்லாம் அரைகுறை. ஆரம்பிப்பாள், பாதியில் சோர்ந்துபோய், “சரி, போகட்டும்” என்றுவிடுவாள். போகட்டும் என்பது அவள் அகராதியிலேயே இல்லாத வார்த்தை.

போன மாதம் மறுபரிசோதனை. டாக்டர் கோப்பை மேஜையில் விரித்து வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போயிருந்தார். பழைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள் என் மனைவி, கத்திரிக்காயைப் புரட்டுகிற அதே விரலால். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புரட்டுகிற சத்தம் நின்றது.

“இது உங்க கையெழுத்துல்லா?”

எட்டிப் பார்த்தேன். பல மடங்கு சாந்தம். எவ்வித வில்லங்கமும் இல்லை. மிக்க நன்றி.

“யாருக்கு நன்றி சொல்லியிருக்கீய? நான் மண்டை உடைஞ்சு கெடக்கேன், நீங்க ஆஸ்பத்திரிக்கு நன்றிக் கடுதாசி எழுதியிருக்கீய! நான் வில்லங்கமா? இருவத்தெட்டு வருசமா இந்த வில்லங்கந்தான உங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டுச்சு? வாய்க்குள்ள முணுமுணுக்காம சொல்லுங்க!”

டாக்டர் ஓடி வந்தார். நர்ஸ்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. பாதியில் சோரவில்லை. போகட்டும் என்று சொல்லவில்லை. முருங்கைக்காய் வரைக்கும் போனாள். நான் கண்ணீரைத் துடைக்கத் துடைக்க, “அழுது மழுப்பாதீய” என்றாள். டாக்டர் கதவோரமாக நின்று, அவள் மூச்சு வாங்க நிறுத்துகிறவரை முழுதாகக் கேட்டார். பிறகு ஒரு புதுப் படிவத்தை என்னிடம் நீட்டினார். அவள் நடுவில் கையைப் போட்டுப் பிடுங்கி, “நானே எழுதுதேன்” என்றாள்.

திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை எடுத்தேன். இப்போதெல்லாம் அவள் ஹெல்மெட் போடுகிறாள். பூவை அதன் பின்பக்கம் கிளிப் வைத்துத் தொங்கவிட்டுக்கொள்கிறாள், தெருவே சிரித்தாலும் கவலைப்படுவதில்லை. ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பி ஒரு வேகத்தடை ஏறி இறங்கியது. பின்னாலிருந்து சத்தமே இல்லை. பத்தடி போவதற்குள் பிரேக்கைப் பிடித்தேன். வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தேன். இருந்தாள்.

“என்னத்துக்கு நிறுத்துனீய?”

“சத்தம் வரல. அதான்.”

“கோவமா இருக்கேன். விழல. ஓட்டுங்க.”

ஓட்டினேன். தெருமுனை திரும்பியதும் எங்கள் கதவு தூரத்திலேயே பளிச்சென்று தெரிந்தது. பின்னாலிருந்து அவள் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. நான் ‘ம்’ போடத் தயாரானேன்.